படைக்குச் சோறு போடும் படை

எல்லையில் துப்பாக்கி ஏந்தி நிற்பவரை நாடு அறியும். அவருடைய தட்டுக்கு அரிசி கொண்டுபோகிறவரை எத்தனை பேர் அறிவோம்? காவிரிப் படுகையிலிருந்து பனிமலை வரை நீளும் ஒரு பாதையின் கதை இது.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் பசியால் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். விடிந்தால் தெருவோரம் பிணங்கள். மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை காவிரி நாட்டுக்குள் புகுந்த 1781-ஐ ஒட்டிய காலம் அது. நெல்லே இல்லாமல் வந்த பஞ்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கோட்டைக்கு வெளியே ஊர்ப்புறத்தில் நெல் இருந்தது. அதை ஏற்றிவர மாடுதான் இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு எட்டாத தூரம் போய்விட்டார்கள்.

எல்லாம் பழைய பாக்கியால் வந்த வினை. முன்பு கோட்டைக்கு நெல் கொண்டுவந்த குடியானவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நடுவில் நின்ற துபாஷிகள் என்ற தரகர்கள் விழுங்கியிருந்தார்கள். ஒருமுறை வயிற்றில் அடிக்கப்பட்டவன் மறுமுறை வண்டி கட்டுவானா? மன்னர் துளஜாஜியின் சொல்லுக்கும் மதிப்பில்லை, கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளின் சொல்லுக்கும் மதிப்பில்லை. கடைசியில் மன்னர் ஒரு வெற்றுத் தாளை ஒரு பாதிரியாரிடம் கொடுத்தனுப்பினார். மக்களோடு என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் அதில் எழுதிக்கொள்ளலாம் என்று அவருக்கு அதிகாரம் தந்தார். பிரஷ்யாவில் பிறந்து, தமிழ் கற்று, தஞ்சாவூரிலேயே வாழ்ந்து 1798-இல் இங்கேயே மறைந்த கிறிஸ்தியான் பிரெடெரிக் ஸ்வார்ட்ஸ்தான் அந்தப் பாதிரியார்.

ஸ்வார்ட்ஸ் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். கூலியைத் தன் கையாலேயே தருவதாகச் சொன்னார். வழியில் எதிரி மாட்டைப் பிடித்துக்கொண்டால் மாட்டுக்கும் விலை தருவதாக உறுதி சொன்னார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. உபதேசியார் ஒருவரும் வேறு சிலரும் உயிரைப் பணயம் வைத்து ஊர்ப்புறம் போனார்கள். 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. எல்லாம் முடிந்ததும் அவர் சொன்னபடி பணத்தை எண்ணிக் கொடுத்தார். மற்றவர்கள் தன்னிடம் கொடுத்துவைத்திருந்த பணத்தையும் அதற்காகச் செலவழித்தார். மேலும் சிறு அன்பளிப்பும் கையில் வைத்து அவர்களை ஊருக்கு அனுப்பினார்.

80,000 கலம் என்றால் எவ்வளவு? பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது, வட்டச் சுவர், கூம்புக் கூரை. அதன் கொள்ளளவு 3,000 கலம். அதைப் போல 26 களஞ்சியங்களை நிரப்பினாலும் ஸ்வார்ட்ஸின் நெல் மிஞ்சும். டெல்டாப் பெரியவர்கள் சொல்லும் கணக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை. அதன்படி 40,000 மூட்டை. போர் நடக்கும் வயல்வெளியில், லாரியும் ரயிலும் இல்லாத காலத்தில், ஒருவருடைய வாக்கை மட்டும் நம்பி வந்த மூட்டைகள்.

படைக்குச் சோறு போடுவது எவ்வளவு பெரிய காரியம், அது எதனால் நடக்கிறது, எதனால் நின்றுபோகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அதே போரில் எதிர்த் தரப்பின் கதையும் மாடுகளின் கதைதான். மைசூர் அரசுக்குப் பின்னாளில் அம்ரித் மகால் என்று பெயர்பெற்ற தனி மாட்டுத் துறையே இருந்தது. பீரங்கி இழுக்கவும் பொதி சுமக்கவும் பழக்கிய காளைகள் அவை. அந்தக் காளைகளின் பலத்தில்தான் ஹைதர் இரண்டரை நாளில் 100 மைல் கடந்து சிதம்பரத்தைக் காக்க வந்தார் என்று மைசூர் வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. கும்பினித் தளபதி அயர் கூட்டிடம் போதிய மாடுகள் கிடையாது. கப்பலில் வரும் அரிசியை நம்பி அவர் கடற்கரையை விட்டு அதிகம் நகர முடியாமல் கிடந்தார். 1781 ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் அவர் ஹைதரை வென்றார். வென்ற பிறகும் துரத்திப் போக வண்டியும் உணவும் போதவில்லை. கொள்ளிடத்துக்கு இரு கரையிலும் நடந்த அந்தப் போரில் வாளும் பீரங்கியும் பேசியதைவிட மாட்டுத் தொழுவமும் நெற்குதிரும் அதிகம் பேசின.

1760-இல் தொடங்கிய வேலை

இன்றைய இந்திய ராணுவத்தில் இந்த வேலைக்கென்றே ஒரு பெரும் பிரிவு இருக்கிறது. ஆர்மி சர்வீஸ் கோர், சுருக்கமாக ஏ.எஸ்.சி. தன் பிறந்த நாளாக அது கொண்டாடுவது 1760 டிசம்பர் 8. கும்பினிப் படைக்கு உணவுப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்ட காலத்திலிருந்து அந்தக் கணக்கு. வங்காளம், பம்பாய், சென்னை என்று மாகாணத்துக்கு ஒன்றாக இருந்த உணவுத் துறைகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒன்றாயின. 1923-இல் அதற்கு இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்று பெயர். 1935-இல் முன்னால் 'ராயல்' சேர்ந்தது. 1950-இல் குடியரசு வந்ததும் அந்த 'ராயல்' போனது. 'சேவா அஸ்மாகம் தர்ம' என்பது அதன் முழக்கம். சேவையே எங்கள் அறம் என்று பொருள். பயிற்சி மையம் பெங்களூருவில் இருக்கிறது.

இந்தப் பிரிவு சறுக்கினால் என்ன ஆகும் என்பதை முதல் உலகப் போரில் ஈராக்கின் கூட் நகரம் காட்டியது. 1915 டிசம்பரில் துருக்கியப் படை அங்கே பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சுற்றிவளைத்தது. மீட்கப் போன படைகள் உள்ளே நுழைய முடியவில்லை. விமானத்திலிருந்து உணவு மூட்டைகளை வீசிப் பார்த்தார்கள், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்திய வீரர்களில் பலர் குதிரை இறைச்சியைத் தொட மறுத்து மெலிந்து விழுந்தார்கள். 1916 ஏப்ரல் 29-ஆம் தேதி உணவு தீர்ந்து சரணடைந்தது அந்தப் படை. சரணடைந்தவர்கள் சுமார் 13,000 பேர்.

28 ஆண்டுகள் கழித்து இம்பாலில் நிலைமை தலைகீழ். 1944-இல் மூன்று வார உணவோடு மலையேறி வந்த ஜப்பானியப் படை, இம்பாலைப் பிடித்து அங்குள்ள கிடங்குகளில் சாப்பிடலாம் என்று நம்பியது. முற்றுகைக்குள் இருந்த இந்திய, பிரிட்டிஷ் படைகளுக்கோ வானிலிருந்து அரிசியும் மாவும் இறங்கிக்கொண்டே இருந்தன. பொதி கட்டியதும் ஏற்றியதும் சப்ளைப் பிரிவு வீரர்கள். பின்வாங்கிய ஜப்பானியரில் குண்டடி பட்டுச் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அதிகம். பர்மா விழுந்ததால் பர்மா அரிசி நின்று, வங்காளம் 1943-இல் பஞ்சத்தில் மடிந்த கொடுமையும் இதே போரின் மறுபக்கம். படைக்குச் சோறு போன பாதையும் ஊருக்குச் சோறு போகாத பாதையும் ஒரே வரைபடத்தில் இருந்தன. இதை மறந்துவிட்டு வெற்றியை மட்டும் எழுதுவது நியாயமாகாது.

அரிசி வேகாத உயரம்

ஏ.எஸ்.சி. வீரரின் அன்றாடம் என்ன? பெரும்பாலும் மூட்டை, பேரேடு, லாரி, எண்ணெய் டிரம். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் உயிர்க் கணக்கு.

சப்ளை டிப்போவுக்கு வரும் அரிசியில் முதலில் கைவிட்டு மாதிரி எடுக்கிறார்கள். ஈரம், வண்டு, நொய், கல் எல்லாம் பார்க்கிறார்கள். பிறகு உணவு ஆய்வகத்தின் சோதனை. தரையில் நேராக மூட்டை வைப்பதில்லை. கீழே மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து தள்ளி, அடுக்குக்கு அடுக்கு ஆள் நடக்க இடம் விட்டு அட்டி போடுகிறார்கள். முதலில் வந்த மூட்டை முதலில் போக வேண்டும். இந்த ஒரு விதியை மறந்தால் மூலையில் கிடக்கும் அட்டி மக்கிப்போகும். யூனிட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் லீவில், எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் என்று தலை எண்ணி இன்டென்ட் என்ற தேவைப் பட்டியல் வரும். அரிசியோ ஆட்டாவோ, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, டீத்தூள் எல்லாம் ஆளுக்கு இத்தனை கிராம் என்று அளந்து போகும். காய்கறியும் இறைச்சியும் பாலும் தனி ஏற்பாடு. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெயும் இவர்கள் பொறுப்புதான். பனிமலையில் மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் தண்ணீரே இல்லை. பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும்.

லடாக்கில் கோடை என்பது குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கும் பருவம். 11,500 அடிக்கு மேல் இருக்கும் ஜோஜி லா கணவாயைப் பனி மூடுவதற்குள் மாதக்கணக்கான உணவும் எரிபொருளும் மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும். 2020-இல் கிழக்கு லடாக்கில் சீனப் படையோடு மோதல் வந்தபோது பல்லாயிரம் கூடுதல் வீரர்கள் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. கூடாரம், கணப்பு, உடை, உணவு எல்லாம் சில மாதத்தில் ஏறின. அந்தக் கான்வாய்களில் ஓடுபவை பெரும்பாலும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரிகள். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், சக்கரத்தில் சங்கிலி, இருட்டில் கிளம்பி இருட்டில் இறங்க வேண்டும். சமவெளியில் பிறந்த ஓட்டுநருக்கு முதல் வாரம் மூச்சே திணறும். உயரத்துக்கு உடம்பு பழகும்வரை யாரையும் மேலே அனுப்புவதில்லை.

சாலை முடிகிற இடத்தில் கோவேறு கழுதை தொடங்குகிறது. ஒன்று எழுபது, எண்பது கிலோ சுமக்கும். 1940-இல் பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பியபோது அங்கே இந்தியக் கோவேறு கழுதைப் பிரிவு வீரர்களும் இருந்தார்கள். விலங்குகளை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டிய துயரம் அவர்களுக்கு. 1971 போரில் எதிரியிடம் சிக்கிய கோவேறு கழுதை ஒன்று, முதுகில் கட்டியிருந்த இயந்திரத் துப்பாக்கியோடும் குண்டுகளோடும் தப்பித்துத் தன் முகாமுக்கே திரும்பி வந்தது. பிற்பாடு அதற்குப் பெடோங்கி என்று பெயர் வைத்து, 1992-இல் டெல்லியில் நீல வெல்வெட் போர்வை போர்த்திச் சிறப்புச் செய்தார்கள். நீண்ட காலம் படைப்பணி செய்த கோவேறு கழுதை என்று கின்னஸ் புத்தகத்திலும் அதன் பெயர் ஏறியது. இப்போது டிரோன்கள் பொதி தூக்குகின்றன. 2025 ஜனவரியில் புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் நான்கு கால் ரோபோக்கள் நடந்து போயின. ஆனாலும் மேகம் இறங்கி ஹெலிகாப்டர் நின்றுபோகும் நாளில் கயிற்றைப் பிடித்து மலையேறுவது மனிதனும் கோவேறு கழுதையும்தான்.

அங்கே மேலே, சியாச்சினில், அரிசி வேகாது. 18,000 அடியில் தண்ணீர் சுமார் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கக் கொதிக்க வைத்தாலும் அரிசியின் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். குக்கர் இல்லாமல் சோறு இல்லை. முட்டையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாத காட்சியை 2019-இல் அங்கிருந்த வீரர்கள் படம்பிடித்து அனுப்பினார்கள். நாடே பார்த்தது. பழமும் உருளைக்கிழங்கும் கல்லாக இறுகும். உயரத்தில் பசியும் செத்துப்போகும், சாப்பிடச் சொல்லி ஒருவரை ஒருவர் வற்புறுத்த வேண்டியிருக்கும். மைசூருவில் 1961-இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம், உப்புமா மிக்ஸிலிருந்து பல மாதம் கெடாத சப்பாத்தி வரை செய்தது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான். மூன்று வேளையும் சோறு பார்த்து வளர்ந்த டெல்டாக்காரருக்குப் பொட்டலத்துச் சாப்பாடு எத்தனை நாள் இறங்கும்? இறங்கத்தான் வேண்டும்.

உணவுக் கூடத்துக்கு ராணுவத்தில் லங்கர் என்று பெயர். அங்கே நடக்கும் நல்லது கெட்டது உடனே முகாம் முழுக்கத் தெரிந்துவிடும். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் கருகிய ரொட்டியையும் தண்ணீர்ப் பருப்பையும் காட்டி வெளியிட்ட காணொளி நாட்டை உலுக்கியது. விசாரணைக்குப் பிறகு அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதற்கும் முன்பே 2010-11 அறிக்கை ஒன்றில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ராணுவத்தின் உணவு வழங்கலில் இருக்கும் குறைகளை விரிவாக எழுதியிருந்தார். கிடங்கிலும் தட்டிலும் நடப்பதைக் கேள்வி கேட்கும் உரிமை வீரருக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேள்வி கேட்டால்தான் மூட்டை நேராகப் போகும்.

2023 மார்ச்சில் வந்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் கைவிட்ட கம்பு, சோளம், கேழ்வரகு மாவை ராணுவம் மறுபடி ரேஷனில் சேர்த்தது. தானிய ஒதுக்கீட்டில் 25 சதவீதம் வரை சிறுதானிய மாவாக வாங்கிக்கொள்ளலாம். நம் வீட்டுக் கேழ்வரகுக் களி இப்போது எல்லைக் காவல் முகாமிலும் ஏறியிருக்கிறது. நல்ல முடிவு.

வாய்க்கால் கரையிலிருந்து

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ராணுவ ஆள்சேர்ப்பு திருச்சி அலுவலகத்தின் கீழ் வருகிறது. விடியற்காலையில் வாய்க்கால் கரையிலும் பள்ளி மைதானத்திலும் ஓடிப் பழகும் பையன்களை டெல்டா ஊர்களில் பார்க்கலாம். 1.6 கிலோமீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டும். 2023 முதல் ஓட்டத்துக்கு முன்னால் கணினித் தேர்வு வந்துவிட்டது. தேறியவர்களில் சிலருக்கு ஏ.எஸ்.சி. கிடைக்கிறது. ஓட்டுநர், ஸ்டோர்கீப்பர், சமையல்காரர் என்று வேலை பிரிகிறது.

ஊரில் இதற்கு மதிப்புக் கொஞ்சம் குறைவு. துப்பாக்கி பிடிக்காமல் மூட்டை எண்ணுகிறாயா என்று கேட்கும் மாமன்மார் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கேலி எனக்கு எரிச்சலூட்டுகிறது. மூட்டை எண்ணுகிறவர்கள் இல்லாத படை எப்படி முடிந்தது என்று கூட் நகரத்தில் புதைந்தவர்கள் சொல்வார்கள். பனிச்சரிவும் பாறைச்சரிவும் கான்வாய் ஓட்டுநரை மட்டும் விட்டுவைப்பதில்லை. எதிரியும் முதலில் குறிவைப்பது சப்ளை லாரியைத்தான்.

வயலோடு வளர்ந்த பையனுக்கு இந்த வேலையில் இயல்பாகவே ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவான். சாக்கின் வாயைத் தைக்கவும் அட்டி சரியாமல் அடுக்கவும் அவனுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ராணுவம் அவனுக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஒழுங்கு. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு எந்த நிமிடமும் பதில் சொல்லும் ஒழுங்கு.

2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தால் இந்த வாழ்க்கையின் நீளம் மாறிவிட்டது. அக்னிவீர் என்ற பெயரில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பணி நான்கு ஆண்டு, பயிற்சியும் அதற்குள் அடக்கம். நான்கில் ஒருவர்தான் தொடர முடியும். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும், ஓய்வூதியம் கிடையாது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் தொகுதியினரின் நான்கு ஆண்டு 2026 இறுதியில் நிறையத் தொடங்குகிறது. இருபதுகளிலேயே ஊர் திரும்பும் பையன்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்ற கேள்வி பல வீடுகளில் ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டது.

பொங்கலன்று திறந்த அலுவலகம்

இந்தக் கேள்விக்கு டெல்டாவில் ஒரு பதில் இருக்கிறது. அதற்கு 1965-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரி 14, பொங்கல் நாள். இந்திய உணவுக் கழகம் அன்றுதான் தொடங்கியது. தலைமையகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். மத்திய உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். அதே ஆண்டு பாகிஸ்தானோடு போர் வந்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி படைவீரரையும் உழவரையும் ஒரே மூச்சில் வாழ்த்தி முழங்கியது அப்போதுதான். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்ற காலம் அது. தஞ்சையில் ஏற்கெனவே 1960 முதல் தீவிர விவசாயத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960-களின் நடுவில் தந்த ஏ.டி.டி. 27 குறுவை வயல்களை மாற்றியது. நாட்டின் உணவுக் கிடங்கு இந்த மண்ணிலிருந்து தொடங்கியது தற்செயல் அல்ல.

விளைந்ததைக் காப்பதுதான் அன்றும் தகராறாக இருந்தது. குறுவை அறுவடை மழையோடு வந்து மோதும். ஈர நெல்லை என்ன செய்வது என்று ஆராய 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் உருவானது. அது வளர்ந்து பின் தஞ்சாவூருக்கு வந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது.

ஆராய்ச்சி வளர்ந்தது. சாலையோர நெல் மட்டும் அப்படியே கிடக்கிறது. 2002 முதல் தமிழ்நாடு அரசே தன் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக நெல்லை வாங்கி, பெரும்பகுதியை மாநில ரேஷன் கடைகளுக்கே கொடுக்கிறது. அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுப்பதில்லை. மழை பெய்யும் ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? தார்ப்பாய் பற்றவில்லை, சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் காரணம் வரும். வாங்கிய 40 கிலோ சிப்பங்களும் ஏற்றிப்போக ஆளில்லாமல் நிலையத்திலேயே நனைகின்றன. அவை போகாததால் புது நெல்லை எடுக்க இடமில்லை. எடுக்காததால் விவசாயி இரவெல்லாம் குவியலுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறார். 2025 குறுவையிலும் குவியலில் நெல் முளைவிட்டதைப் பார்த்தோம். மூட்டைக்கு இவ்வளவு கொடுத்தால்தான் எடை போடுவார்கள் என்று விவசாயிகள் ஆண்டுதோறும் முறையிடுகிறார்கள். 1781-இன் துபாஷிகளை நினைக்காமல் இதைக் கடந்துபோக முடியவில்லை.

இதில் எந்தக் கோளாறு விளைச்சலைச் சேர்ந்தது? ஒன்றும் இல்லை. எல்லாம் கிடங்கு, வண்டி, கணக்கு, நேரம் ஆகியவற்றின் கோளாறு. அதாவது ஏ.எஸ்.சி. வீரர் தினமும் செய்யும் வேலை. 15,000 அடிக்கு மேல் பனிக்கு முன்னால் மூட்டையைக் கொண்டுசேர்க்கத் தெரிந்த கைகள் டெல்டாவிலேயே இருக்கின்றன. மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே மழைக்கு முன்னால் மூட்டையை நகர்த்த அவர்களைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. ஓய்வுபெற்றவர்களில் எத்தனை பேர் வங்கி வாசலிலும் அடுக்குமாடி வீட்டு வாசலிலும் காவலுக்கு நிற்கிறார்கள்! காவல் வேலை தவறில்லை. ஆனால் அவர்கள் கற்ற தொழிலுக்கு அது நட்டம், நெல்லுக்கும் நட்டம்.

கொள்முதல் நிலையங்களைப் பருவகாலப் பட்டியல் எழுத்தர்களும் உதவுபவர்களும் காவலர்களும் நடத்துகிறார்கள். குறைந்த கூலி, நிரந்தரமில்லாத வேலை. அவர்களை வெளியே தள்ளச் சொல்லவில்லை, அவர்களுக்கு நியாயமான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கொடுத்தாக வேண்டும். அவர்களுக்கு மேலே, ஐந்தாறு நிலையங்களுக்கு ஒருவராக, சப்ளைப் பிரிவில் பணியாற்றித் திரும்பிய முன்னாள் வீரரை நியமிக்கலாம். இன்று எத்தனை சிப்பம் வந்தது, எத்தனை போனது, எத்தனை லாரி எந்த நேரத்தில் வரும் என்பதற்கு அவர் பொறுப்பு. அந்தக் கணக்கு நிலையத்து வாசல் பலகையில் தினமும் மாலை எழுதப்பட வேண்டும், விவசாயியும் படிக்கிற மாதிரி. நடமாடும் உலர்த்தும் இயந்திரங்கள் அவர் கையில் இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, ஓட்டுநர் யார், ஸ்டோர்கீப்பர் யார் என்ற பட்டியலை அதனிடம் கேட்டு வாங்கலாம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. முதல்வரும் உணவுத் துறை அமைச்சரும் டெல்டாவின் நான்கு மாவட்ட ஆட்சியர்களும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் போதும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பரில் தொடங்கிவிடும். முதல் அக்னிவீர்கள் அதன்பின் சில மாதத்தில் ஊர் திரும்புவார்கள். அவர்கள் வரும்போது வேலை ஆணை தயாராக இருக்கட்டும். அதற்கு முன்பே, வரும் குறுவைக்கு, ஏற்கெனவே ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஏ.எஸ்.சி. வீரர்களை வைத்துத் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்திலாவது அரசு இதைத் தொடங்க வேண்டும்.